ஏழு ஸ்வெட்டரின் உள்பக்கம்

போன வருஷக் கண்காட்சி முடிந்த மறுநாளே பெரியவள் தன் இருபது லிட்டர் பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தானே வந்து கேட்டிருந்தாலாவது சண்டை போட்ட திருப்தி கிடைத்திருக்கும். புருஷனை அனுப்பினாள். அத்தான் வாசற்படியைத் தாண்டாமல் நின்று, "உங்க அக்கா வாங்கிட்டு வரச் சொன்னா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சின்னவள் பாத்திரத்தை உள்ளும் புறமும் தேய்த்து, ஒரு பொட்டுச் சாயம் இல்லாமல் பளபளவென்று ஆக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"அடியில கொஞ்சம் திமிர் ஒட்டிட்டிருக்கு அத்தான். அது அவளோடது. எவ்வளவு தேய்ச்சும் போகலன்னு சொல்லிடுங்க."

அத்தான் சொல்லியிருக்க மாட்டார். இந்த அக்கா தங்கைக்கு நடுவில் அவர் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்ததே, ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாததால்தான்.

சின்னவள் கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறவள். அது பிழைப்பு இல்லை. பிழைப்பு, பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், வலியில் வருகிறவர்களை "அஞ்சே நிமிஷம்" என்று ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதும். சாயம் வெறும் ஆசைக்கு. ஆனால் அந்த ஆசை அடுப்படியில் பாதியையும், குளியலறையில் முக்காலையும், கட்டிலுக்கு அடியில் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தான். வீட்டிலும் எந்நேரமும் ஒரு கால் பிரேக்கில் இருக்கும். "பாத்ரூம்ல பச்சையா ஏதோ தொங்குது, நான் குளிக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் தொடுவான்.

பெரியவள் பின்னுகிறவள். பகலெல்லாம் துணி திருத்தும் கடையில் அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைப்பாள். மாலையில் ஊசியை எடுத்தால் கண் ஒரு பக்கம் இருக்கும், கை ஒரு பக்கம் ஓடும். ஊர்க் கைவேலைக் கண்காட்சியில் ஏழு வருஷமாக இருவருக்கும் சேர்த்து ஒரே மேசை, அதுவும் பெரியவள் பெயரில். மேசைமேல் சின்னவளின் நூல் சிட்டம் சிட்டமாக அடுக்கியிருக்கும். சிட்டம் என்றால் உருண்டையாகச் சுற்றாமல் முறுக்கி மடித்துவைத்த நூல். அதற்கு மேலே, அதே நூலில் பெரியவள் பின்னிய ஸ்வெட்டர், வருஷத்துக்கு ஒன்று, கொக்கியில் தொங்கும். ஸ்வெட்டரைப் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் நூலை வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு சிட்டத்திலும் சின்னவள் கைப்பட எழுதிய சீட்டு ஒன்று: "எல்லாச் சிட்டமும் ஒரே நிறம்." அந்த வாசகத்தின்மேல் அவளுக்குத் தன் பிள்ளைமேல் இல்லாத பெருமை. பிள்ளை கிடையாது என்பது வேறு விஷயம்.

கையால் சாயம் போடுகிறவர்கள் பொதுவாக இப்படி எழுதத் துணிய மாட்டார்கள். எவ்வளவு நிறுத்து அளந்தாலும் ஒரு சிட்டம் சற்றே கருக்கும், ஒன்று வெளுக்கும். அதற்காகப் பின்னுகிறவர்கள் ஒரு வேலை செய்வார்கள். இரண்டு சிட்டத்தையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு, இதில் இரண்டு வரி, அதில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். வித்தியாசம் கலந்து கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். மாற்றாமல் பின்னினால், ஒரு சிட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உடுப்பின் குறுக்கே கோடு விழும். சின்னவளுக்கு இந்த மாற்றுகிற சமாச்சாரமே பிடிக்காது. "அது சாயம் போடத் தெரியாதவங்க வேலை" என்பாள்.

போன வருஷம் ஒரு அம்மாள் ஸ்வெட்டர் பின்ன ஆறு சிட்டம் எடுத்தாள். சின்னவள் பூரித்துப்போய்ப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து, "ரெண்டு ரெண்டு வரியா மாத்தி மாத்திப் பின்னுங்கம்மா, இல்லன்னா கோடு விழுந்துடும்" என்றாள்.

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே தலைக்கேறிவிட்டது. "என் நூல்லயா? சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்து, பெரியவளின் மூக்குக்கண்ணாடி வரைக்கும் போய்வந்தாள். ஆறு சிட்டமும் பையிலிருந்து வெளியே வந்தன. அம்மாள் பக்கத்து மேசைக்குப் போய்விட்டாள். வீடு திரும்பும் பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு நிறுத்தத்தில் இறங்கினார்கள்.

அன்றிலிருந்து ஒரே வைராக்கியம். இந்த வருஷம் தனி மேசை. தன் பெயரில், தன் நூல், தன் பின்னல். பெரியவளின் நிழல்கூட விழக் கூடாது. கிளினிக்கில் சொன்னாள், எதிர்வீட்டில் சொன்னாள், நூல் வாங்குகிற அத்தனை பேருக்கும் தகவல் அனுப்பினாள். கணவன் மட்டும், "முதல்ல மேசை கிடைக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாமே" என்றான். அவன் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாள்.

தனி மேசைக்கு ஒரு விதி உண்டு. சாய நூல் விற்கிறவர்கள் அந்த நூலிலேயே, குறைந்தது ஐந்து சிட்டம் பிடிக்கும் உடுப்பு ஒன்றைத் தாங்களே பின்னிக் கொண்டுவந்து, கண்காட்சி நடத்தும் சங்கத்தின் தலைவியிடம் காட்ட வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிக்குள். தவறினால் அடுத்த வருஷம்தான்.

சின்னவள் தன்னுடைய பேர்போன நிறத்தை எடுத்துக்கொண்டாள். மழைக்கு முந்தின வானத்தின் நீலச் சாம்பல். மூன்று பொடிகளைக் கலக்க வேண்டும். தூசி எடைக்குக்கூட நகரும் குட்டித் தராசில் நிறுத்து, வெந்நீரில் கரைத்து, வினிகர் ஊற்றி, நூலை மெல்ல அமிழ்த்தி, கொதிக்கவிடாமல் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நூல் சாயத்தைக் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் வெளிறிக்கொண்டே வரும். கடைசியில் குழாயில் பிடித்ததுபோலத் தெளிந்துவிடும். தெளிந்தால்தான் முடிந்தது. அதுவரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நிற்க எங்கே நேரம்? பெரிய பாத்திரம் போனதால் சின்னப் பாத்திரத்தில் மும்மூன்றாக இரண்டு காலையில் போட வேண்டியிருந்தது. முதல் நாள் மூன்றும் கலங்கிய தண்ணீரில் கிடக்கும்போதே எட்டே பத்து ஆகிவிட்டது. எட்டேகாலுக்கு பஸ். தண்ணீரைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். லேசாகத்தானே கலங்கியிருக்கிறது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி, நூலைத் தூக்கிக் கொடியில் போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் விடுமுறை. இரண்டாவது மூன்றும் தண்ணீர் பளிங்காகும்வரை ஆற அமரக் கிடந்தன. ஆறையும் அடுப்படி விளக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சு அசல் ஒரே நிறம்.

அப்புறம் ஐந்து வாரம் பேய் மாதிரிப் பின்னினாள். ராத்திரி வீடு திரும்பும் பஸ்ஸில் நின்றபடி பின்னினாள். கிளினிக்கில் மேசைக்குக் கீழே பின்னினாள். உள்ளே டாக்டர் ஒருவர் பல்லைப் பிடுங்கும் சத்தமும், இவள் ஊசிச் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். "டோக்கன் பன்னெண்டு" என்று கூப்பிட்டுவிட்டுக் கண்ணி எண்ணுவாள். எண்ணிக்கை குழம்பி ஒருநாள் பன்னிரண்டையே மூன்று தரம் கூப்பிட்டாள். பன்னிரண்டாவது ஆள், வீங்கிய கன்னத்தோடு, "நான்தான் உள்ள போய்ட்டு வந்துட்டேனேம்மா" என்றார். வீட்டில் சோபாவில் ஒரு நூல், கட்டிலில் ஒரு ஊசி. கணவன் உட்காரும்போதெல்லாம் முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை மதியம் கடைசிக் கண்ணியை முடித்தாள். பெரியவளின் முகம் போகிற போக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து ஒரு டம்ளர் டீயை ருசித்துக் குடித்தாள். கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண், "போட்டுக்காட்டுங்க, போட்டோ எடுக்கறேன்" என்று ஜன்னல் பக்கம் இழுத்துப்போனாள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள் சின்னவள்.

அந்தப் பெண் போனைக் கீழே இறக்கினாள். "நெஞ்சுல இந்த பார்டர் வேணும்னே வச்சீங்களா?"

"எந்த பார்டர்?"

அவளே குனிந்து பார்த்தாள். நெஞ்சுக்கு நடுவே, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நேர்கோடு. கீழே பாதி பச்சை கலந்த வெளிறிய நீலம். மேலே பாதி கருத்த சாம்பல். விளக்கு வெளிச்சத்தில் ஐந்து வாரமும் வாயை மூடிக்கொண்டிருந்த கோடு, பகல் வெளிச்சத்தில் வந்து நின்று பேசியது. முதுகிலும் கோடு. கைகளிலும் கோடு.

"வேணும்னுதான் வச்சேன்" என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு. பல் டாக்டர் கிளினிக்கில் அதற்கு மட்டும் குறைவில்லை.

பிரித்துப் பின்ன ஐந்து வாரம் வேண்டும், இருந்தது ஒன்றரை நாள். மொத்தத்தையும் கறுப்பில் முக்கிவிடலாமா என்று யோசித்தாள். கறுப்பில் முக்கினால் யாருடைய நூலும் கறுப்புத்தான். அதைக் காட்டி எந்த நிறத்துக்கு மேசை கேட்பது? வெள்ளிக்கிழமை முழுக்க அவள் மூளை ஒரே ஒரு நியாயத்தைச் சுற்றி வந்தது. ஆறும் ஒரே பாத்திரத்தில் போட்டிருந்தால் இந்தக் கோடே விழுந்திருக்காது. பாத்திரத்தைப் பிடுங்கினது யார்? எட்டே பத்தையும், எட்டேகால் பஸ்ஸையும் அவள் நினைக்கவே இல்லை. கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டால் கடிகாரத்தை யார் பார்ப்பார்கள்?

நாலு மணிக்கே கிளினிக்கிலிருந்து கிளம்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் முதல் தடவை. பெரியவள் கடையிலிருந்து கொண்டுவந்த யாரோ ஒருவரின் கால்சட்டையை மடியில் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சின்னவளைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சின்னவள் ஸ்வெட்டரைக் கால்சட்டைமேல் விசிறினாள். "பாரு. நீ பாத்திரத்தைப் பிடுங்கின லட்சணம் எங்க வந்து நிக்குதுன்னு நல்லாப் பாரு."

பெரியவள் பதறவில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஸ்வெட்டரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். "மூணாவது சிட்டம் முடிஞ்ச இடம்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா மாத்திப் போட்டிருக்க வேண்டியதுதானே."

"ஒரே பாத்திரத்துல போட்டிருந்தா அதுக்கு அவசியமே வந்திருக்காது. உன் பாத்திரம் இருந்தப்ப ஏழு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கோடு விழுந்திருக்கா? சொல்லு பார்ப்போம். வயித்தெரிச்சல் பிடிச்சவ நீ. என் பேர் தனியா வரக் கூடாது உனக்கு. அதுக்குத்தானே பிடுங்கின?"

பெரியவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். ஏழு ஸ்வெட்டரையும் இரண்டு கையிலும் அள்ளிவந்து கட்டிலில் கொட்டினாள்.

"திருப்பு."

"எதுக்கு?"

"உள்பக்கம் திருப்பிப் பாருன்னு சொல்றேன்."

சின்னவள் மேலே கிடந்த ஒன்றைத் திருப்பினாள். வெளியே சமுத்திரம் மாதிரி ஒரே சீராக இருந்த ஸ்வெட்டர் அது. மூன்றாம் வருஷம் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்துப்போனார்களே, அது. உள்பக்கம், பக்கவாட்டு ஓரத்தில், கீழேயிருந்து அக்குள்வரை நூல் குட்டிக் குட்டிப் படிகளாக ஏறிப் போயிருந்தது. இரண்டு வரிக்கு ஒரு படி. ஒரு நூலை நிறுத்தி இன்னொன்றை எடுக்கும்போது, நிறுத்திய நூல் ஓரமாகவே மேலே ஏறிவருகிற தடம். அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் படி. ஏழிலும் படி. ஒன்றில் மூன்று நூல்கள் மாறி மாறி ஏறியிருந்தன.

"அந்த மூணு நூல் போட்டது அஞ்சாவது வருஷம்" என்றாள் பெரியவள். "அந்தச் செம்பழுப்பு. ரெண்டு வச்சு மாத்தியும் அடங்கல, மூணு வச்சு மாத்தினேன். ஆறும் ஒரே பாத்திரத்துலதான் போட்ட. அடியில கிடந்தது கருத்துச்சு, மேல மிதந்தது வெளுத்துச்சு. ஒரு தடவையாவது தண்ணி தெளியற வரைக்கும் நின்னிருக்கியா நீ? உனக்கு எப்பவும் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். ரெண்டாவது வருஷம் சொன்னேன். நாலு மாசம் மூஞ்சியத் திருப்பிட்டுப் போன. உன்னோட மல்லுக்கு நிக்கறதைவிட ரெண்டு நூலோட மல்லுக்கு நிக்கறது லேசாயிருந்துச்சு."

சின்னவள் வாயைத் திறந்தாள். பெரியவள் விடவில்லை.

"பாசத்துல செஞ்சேன்னு நினைச்சுக் கண்ணைக் கசக்காத. கொக்கியில தொங்கறது என் பின்னல். கோடு விழுந்தா என் மானம் போகும். அதுக்குச் செஞ்சேன். தொப்பிக்கும் காலுறைக்கும் ஒரு சிட்டம் வாங்கிட்டுப் போறவங்களுக்கு உன் சாயம் பத்தி ஒண்ணும் தெரியாது. அந்தம்மா ஆறு எடுத்தா. அவ வீட்டுக்கும் போய் நானேவா பின்னிக் குடுக்க முடியும்? அதான் வாயைத் திறந்தேன். நீ ஊரைக் கூட்டின."

சின்னவள் கையில் இருந்த ஸ்வெட்டரை வெறித்துப் பார்த்தாள். ஏழு வருஷமாக இவற்றைத் தொட்டிருக்கிறாள், மடித்திருக்கிறாள், தோளில் போட்டுக்கொண்டு நூல் விற்றிருக்கிறாள். ஒருநாள்கூட ஒன்றையும் திருப்பிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அதை இவள் வாயால் கேட்க நேர்ந்ததே என்று ஆத்திரமாக இருந்தது.

"சரி, நீ ஜெயிச்ச. நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு மேசை கிடையாது. சந்தோஷமா இரு."

"ஏன் கிடையாது?" பெரியவள் குவியலைக் கிளறி, போன வருஷத்து ஸ்வெட்டரை உருவினாள். அதே மழை நிறம். "இதை எடுத்துட்டுப் போ. கண்காட்சிக்கு முந்தின ராத்திரிதான் முடிச்சேன். உன் கூத்துல இதை வெளிய எடுத்து மாட்டவே இல்ல, சங்கத்துல யாரும் பார்த்ததில்ல. நீதான் பின்னினேன்னு சொல்லு. ஏழு வருஷமா என் பின்னல்லதான் உன் பேர் ஓடுச்சு. இன்னொரு நாள் ஓடினா என் ஊசி ஒண்ணும் தேஞ்சுடாது."

சின்னவள் ஸ்வெட்டரை அவள் காலடியில் போட்டாள். தன்னுடைய கோடு விழுந்ததை அள்ளிக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போனாள். கைப்பிடியில் கைவைத்தாள். கிளினிக்கில் சொன்னது, எதிர்வீட்டில் சொன்னது, நூல் வாங்குகிற அத்தனை பேருக்கும் எழுதிப் போட்டது எல்லாம் வரிசையாக வந்து கதவுக்கு முன்னால் நின்றன. இன்னொரு வருஷம் இவள் மேசையின் ஓரத்தில் நிற்க வேண்டும், அல்லது எங்கேயும் நிற்கக் கூடாது. இரண்டையும் அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

திரும்பி வந்தாள். குனிந்து எடுத்தாள்.

"கவர் வேணுமா?" என்று கேட்டாள் பெரியவள், கடைக்கு வந்தவளைக் கேட்பதுபோல.

சனிக்கிழமை பத்தரைக்குச் சங்கக் கூடத்தில் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். மண்பாண்டம் செய்கிறவர், மெழுகுவத்தி ஊற்றுகிறவர், மரப்பொம்மை செதுக்குகிற தம்பதி. தலைவியம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் நோயாளியைப் புரட்டுவதுபோலப் புரட்டித்தான் பார்ப்பார். வெளிப்பக்கம் பார்ப்பது மரியாதைக்கு, உள்பக்கம் பார்ப்பதுதான் தீர்ப்புக்கு.

சின்னவளின் முறை வந்தது. ஸ்வெட்டரை வைத்தாள்.

"நீங்களே சாயம் போட்டதா?"

"ஆமா."

"நீங்களே பின்னினதா?"

பின்னால் யாரோ இருமினார்கள். அந்த இருமலை அவளுக்குத் தொட்டில் காலத்திலிருந்து தெரியும். பெரியவள் தன் மேசைக்கு விண்ணப்பம் கொடுக்க வந்து, நாலு பேர் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆமா" என்றாள் சின்னவள்.

தலைவியம்மா ஸ்வெட்டரைத் திருப்பினார். ஓரத்துப் படிகளின்மேல் விரலை ஓட்டினார். இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இங்க வாங்க, எல்லாரும் இதைப் பாருங்க. ரெண்டு வரிக்கு ஒரு தடவை மாத்தியிருக்காங்க. ஓரம் ஒரு இடத்துலகூடச் சுருங்கல. எத்தனை பொறுமை வேணும் இதுக்கு?" பிறகு வரிசையில் பெரியவளைக் கண்டுபிடித்தார். "என்னம்மா, தங்கச்சி இவ்வளவு அழகாப் பின்னுவாங்கன்னு நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே?"

கூடம் முழுக்கப் பெரியவள் பக்கம் திரும்பியது. சின்னவள் மட்டும் திரும்பவில்லை. இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். சொன்னால்கூடத் தேவலை என்றும் ஒரு கணம் நினைத்தாள்.

"அவ சாயத்துல ஒரு சிட்டம் மாதிரி இன்னொண்ணு இருக்காது" என்றாள் பெரியவள், கூடத்துக்கே கேட்கும்படி, சாந்தமாக. "அது அவளுக்கே நல்லாத் தெரியும். அதனாலதான் மாத்தி மாத்திப் போட்டிருக்கா. இல்லையா, சின்னவளே?"

ஏறக்குறைய ஒரு வருஷம் பேசாமல் இருந்தது அக்கா இந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காகத்தான். இப்போது இல்லை என்று சொன்னால், ஏன் மாற்றிப் போட்டாய் என்று தலைவியம்மா கேட்பார். பதில் கிடையாது. மேசையும் கிடையாது. சின்னவளுக்குக் காது நுனிவரை சுட்டது.

"ஆமா" என்றாள்.

"தன் சாயத்தோட குறையைத் தெரிஞ்சு வச்சிருக்கறவங்கதான் இந்தத் தொழில்ல உருப்படுவாங்க" என்று தலைவியம்மா முத்திரையைக் குத்தினார். "மேசை உங்களுக்குத்தான். பத்தாம் நம்பர். ஆனா ஒண்ணு. முதல் நாள் காலையில பத்து மணிக்கு நீங்க நடுக்கூடத்துல உட்கார்ந்து, இந்த ரெண்டு நூல் மாத்தறதை எல்லாருக்கும் பின்னிக் காட்டணும். புதுசாக் கத்துக்கறவங்க நிறையப் பேர் வருவாங்க. ஒரு மணி நேரம் போதும்."

சின்னவள் எதிலோ கையெழுத்துப் போட்டாள். மாற்றிப் பின்னுவது அவளுக்குத் தெரியும், கேள்வி ஞானத்தில். எப்போதோ ஒரு தடவை முயன்றதும் உண்டு. ஓரத்தில் நூலை இறுக்கினால் துணி சுருங்கியது, தளர்த்தினால் தொங்கியது. பிரித்துப் போட்டாள். அது சாயம் போடத் தெரியாதவர்கள் வேலை என்று பேச ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது. அவள் கூடத்து வாசலில் காத்து நின்றாள். தன் சீட்டை வாங்கிக்கொண்டு பெரியவள் வந்தாள், இவளைத் தூணைக் கடப்பதுபோலக் கடந்து படியிறங்கினாள்.

"அக்கா."

பெரியவள் நின்றாள். திரும்பவில்லை.

சின்னவள் கெஞ்சுவதா, திட்டுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஒரு குரலில் கேட்டாள். "ஓரத்துல நூலை மேல ஏத்தறப்ப சுருங்காம எப்படி ஏத்தற?"

பெரியவள் இப்போது திரும்பினாள். கண்ணாடிக்கு மேலாக அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏழு வருஷம், தினம் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என் எதிர்ல உட்கார்ந்துதானே சீட்டு எழுதின. ஒரு நாள்கூட நிமிர்ந்து என் கையைப் பார்க்கலையா?"

சின்னவள் பார்த்ததில்லை. பெரியவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.